வீட்டுச் சூடும் கரண்ட் பில்லும்: கேட்டவர்களுக்குப் பதில்

மட்டக்களப்பில் வீட்டுப் படம் வரைவது என் தொழில். சூடு குறைந்த வீடு கட்டுவது பற்றி சுற்றுவட்ட ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு எழுதுகிறேன்.

*கல்லடி: ஐயா, புது சிலாப் (கொங்கிறீட் கூரை) வீட்டுக்கு மூன்று இன்வெர்ட்டர் ஏசி போட்டால் பில் குறையுமா?*

பழைய ரக ஏசியோடு ஒப்பிட்டால் குறையும். ஆனால் தம்பி, முதலில் கூரையைப் பாருங்கள். ஏப்ரலிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நமக்கு உச்சி வெயில் நேரே தலைக்கு மேல், அதை வாங்குவது கூரைதான். போன வாரம் ஒரு வீட்டில் இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூலில் ஏறி சிலாப்பின் அடியைத் தொட்டேன், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த சட்டி மாதிரி வெதுவெதுப்பு. பகலெல்லாம் குடித்த சூட்டை அது நாம் படுக்கும் நேரத்தில்தான் கக்கும், ஏசி அதோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். சிலாப்புக்கு மேல் இடைவெளி விட்டு, பக்கங்களைத் திறந்து வைத்து ஒரு வெள்ளைத் தகரக் கூரை போடுங்கள். யன்னல்கள் வடக்கும் தெற்கும் பார்க்கட்டும், மேற்குச் சுவருக்கு விறாந்தை நிழல் கொடுக்கட்டும். அப்புறம் ஏசிக் கணக்கைப் பார்ப்போம்.

*ஏறாவூர்: தகரத்துக்கும் சீலிங்குக்கும் நடுவில் வெள்ளித்தாளை இறுக்கி வைத்தேன், வித்தியாசமே இல்லை.*

இறுக்கியதுதான் பிழை. பளபளப்பான பக்கத்துக்கு முன் ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி வேண்டும், அந்தப் பக்கம் கீழே பார்க்க வேண்டும். மேலே பார்த்தால் தூசு மூடிவிடும்.

*வாழைச்சேனை: அஸ்பெஸ்டஸ் சீட்டைத் தேய்த்துக் கழுவி வெள்ளை அடிக்கலாமா?*

தேய்க்கவே வேண்டாம். அந்த நார்த் தூசு நுரையீரலுக்குக் கேடு.

*காத்தான்குடி: எத்தனை ஏசி தேவை, சேர்?*

முதல் பதிலைப் படியுங்கள். கூரை.

*களுவாஞ்சிக்குடி: சோலார் கரண்டை விற்க என்ன செய்ய வேண்டும்?*

உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் கேளுங்கள். சோலார் பலகைகளைக் கூரையிலிருந்து இடைவெளி விட்டுப் பொருத்தினால் கூரைக்கு நிழலும் கிடைக்கும்.

*அக்கரைப்பற்று: வெள்ளைத் தகரம் என்று நீங்கள் எல்லோருக்கும் சொல்கிறீர்கள். கச்சான் என்ற வரண்ட தென்மேற்குக் காற்று அடித்தால் தூசு படிந்து வெள்ளை போய்விடுமே, ஓடுதானே நல்லது?*

ஓட்டின் இடுக்குகளால் காற்று கசியும், அது பெரிய நன்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஓட்டின் பாரத்துக்கு மரச்சட்டம் வலுவாக வேண்டும், செலவு அங்கேதான் ஏறும். வெள்ளைத் தகரத்துக்குக் கச்சான் காலத்தில் இரண்டு தரம் தண்ணீர் அடித்தால் போதும்.

*அதே ஆள்: 1978 சூறாவளியில் பறந்தது தகரம்தானே?*

ஓடும் பறந்தது, அண்ணன். எதைப் போட்டாலும் சட்டத்தைச் சுவரின் மேல் கிடக்கும் வளையோடு (உத்தரத்தோடு) இரும்புப் பட்டி போட்டுக் கட்டுங்கள். கடற்கரை ஓரமென்றால் துருப்பிடிக்காத ஆணி. வீட்டின் அளவை அனுப்புங்கள், ஓட்டுக்கும் தகரத்துக்கும் மரக்கணக்கு இரண்டையும் போட்டுத் தருகிறேன்.