ஸ்ரீராகம் எங்கே போயிற்று?

கேள்வி: பிரெஞ்சு மாலுமி ஆல்பெர் ரூசெல் கப்பலில் இந்தியா வந்து, நம் ஸ்ரீராகத்தைக் கற்றுக்கொண்டு இசைமேதை ஆனாராம். அந்த ராகத்தில் அவர் எழுதிய 'கிருஷ்ணா' என்ற புல்லாங்குழல் உருப்படியை மூன்று முறை கேட்டேன். ஸ்ரீராகத்தின் வாடையே இல்லை. ஏமாற்று வேலைதானே?

பதில்: உங்கள் காதில் பழுதில்லை. கேள்வியில்தான்!

ரூசெல் 1887இல் கடற்படைப் பள்ளியில் சேர்ந்த அதிகாரி. கொச்சின்சீனா (இன்றைய தெற்கு வியட்நாம், நம் கொச்சி அல்ல) வரை போய்வந்து, 1894இல் வேலையை உதறினார். உதறவைத்தது ஒரு பொய். அவர் எழுதிய இசைப்படி ஒன்றை, பாரிஸின் புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் எதுவார் கொலோனிடம் காட்டுவதாகச் சக அதிகாரி கால்வே வாங்கிப்போனார். திரும்பி வந்து, 'கடற்படையை விட்டுவிட்டு இசைக்கு வரச் சொல்கிறார்' என்றார். அந்த அறிவுரை கால்வேயின் சொந்தச் சரக்கு என்பது பிற்பாடுதான் வெளிவந்தது.

வேலையை விட்டதும் மேதையாகிவிடவும் இல்லை. 1898 முதல் ஸ்கோலா காந்தோரும் இசைப்பள்ளியில் வேன்சான் தாந்தியிடம் ஏறக்குறையப் பத்தாண்டுகள் படித்தார். படித்துக்கொண்டே 1902 முதல் அங்கேயே பாடமும் எடுத்தார். தன்னைவிட மூன்று வயது மூத்த எரிக் சத்தி அவர் முன் மாணவராக உட்கார்ந்தார். (கடற்படையை விடாமலே இசையமைத்தவர் வேண்டுமென்றால் ஜான் க்ராஸ் இருக்கிறார். ரியர் அட்மிரல் வரை உயர்ந்தவர். அவர் வடிவமைத்த, கடல் வரைபடத்தில் திசை குறிக்கும் அளவுகோல் இன்றும் பிரெஞ்சுப் படகுகளில் புழங்குகிறது.)

நீங்கள் சொல்லும் இந்தியப் பயணம் 1909இல், சீருடையைக் கழற்றிப் பதினைந்து ஆண்டு கழித்து, மனைவியோடு வந்தது. எல்லோரா, ஜெய்ப்பூர், காசி மூன்றையும் வைத்து ஒரு பெரிய படைப்பு எழுதினார். ராஜஸ்தான் சித்தூர் ராணியின் கதை 'பத்மாவதி' ஓபராவாகி 1923இல் பாரிஸில் அரங்கேறியது. 'கிருஷ்ணா' அதற்கு அடுத்த ஆண்டு. எல்லாமே வடக்கு என்பதைக் கவனித்தீர்களா? அவருடைய ஸ்ரீயும் அங்கிருந்து வந்ததுதான்.

நம் ஸ்ரீராகம் கரகரப்பிரியாவின் குழந்தை. அந்த ராகத்தில் அமைந்த தியாகராஜர் கீர்த்தனை 'எந்தரோ மகானுபாவுலு'வின் சாயலைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? இந்துஸ்தானி ஸ்ரீ, 'பூர்வி' என்ற தாட்டைச் (வடக்கத்தி ராகக் குடும்பம்) சேர்ந்தது. ச ரி1 க3 ம2 ப த1 நி3: நம் கணக்கில் 51ஆவது மேளம் (தாய் ராகம்), காமவர்த்தனி. பந்துவராளி கேட்டுப் பழகிய காது உடனே பிடித்துக்கொள்ளும். இரண்டு ஸ்ரீக்கும் பொதுவாக இருப்பது சட்ஜமும் பஞ்சமமும் மட்டும்.

ஆறு கட்டையை (மேற்கத்திய A சுரம்) சட்ஜமாக வைத்துக்கொண்டு இன்னொரு முறை கேளுங்கள். இந்துஸ்தானி ஸ்ரீயின் ஆரோகணத்தில் காந்தாரமும் தைவதமும் வராது. அந்த விதியை இங்கே தேடாதீர்கள், அவர் எடுத்துக்கொண்டது ஏழு சுர வரிசையைத்தான். வடக்கத்தி வித்வான்கள் இந்த ராகத்தின் ரிஷபத்தை வழக்கத்தைவிடவும் தாழ்த்திப் பிடிப்பார்கள். 'கிருஷ்ணா' குழலும் பியானோவும் சேர்ந்து வாசிப்பது; பக்கத்தில் பியானோ இருக்கும்போது குழல்காரர் அதைச் செய்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். பியானோவின் சுரத்தை வாசிக்கும்போது வளைக்க முடியாதே. கூடவே சுருதிப்பெட்டியையும் போட்டுவிடாதீர்கள்; பியானோவின் சுரக்கூட்டுகள் சட்ஜத்தில் கட்டிப்போட்ட மாடு அல்ல.