ஒரே நெருக்கடியை வைத்து ஆராயலாமா? கேஸ் ஸ்டடி (ஒன்றிரண்டு நிகழ்வுகளை ஆழமாக ஆராயும் முறை) பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: முனைவர் பட்டத்துக்கு 1962 கியூபா ஏவுகணை நெருக்கடியை, அதாவது கியூபாவில் சோவியத் யூனியன் வைத்த ஏவுகணைகளால் அமெரிக்காவோடு அணு ஆயுதப் போர் மூளும் நிலை வந்ததை, எடுத்திருக்கிறேன். "இது எதற்கான கேஸ்?" என்று நெறியாளர் விடாமல் கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

அவர் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். ஒரு நிகழ்வு பிரபலமானது என்பதால் மட்டும் அது கேஸ் ஆகிவிடாது. நீங்கள் ஆராய்வது அணு ஆயுதத்தைக் காட்டி எதிரியைத் தடுப்பதையா, மிரட்டிப் பணியவைப்பதையா, அல்லது நெருக்கடி நேரத்தில் ஓர் அரசு முடிவெடுக்கும் விதத்தையா? அமெரிக்க அரசியல் அறிஞர் கிரஹாம் அலிசன் தன் நூலில் மூன்றாவதை எடுத்துக்கொண்டார். நாட்டை ஒரே மனிதர்போல் பாவித்து ஒருமுறை, அரசு அமைப்புகளின் வாடிக்கையான நடைமுறையை வைத்து ஒருமுறை, அதிகாரிகளுக்குள் நடந்த இழுபறியை வைத்து ஒருமுறை என்று அதே நெருக்கடியை விளக்கிப் பார்த்தார். 1971இல் வந்த அந்த நூல் இன்றும் பாடமாக இருப்பது இதனால்தான். இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விட்ட ஆய்வேடுகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அத்தனை உழைப்பும் வரலாற்றுச் சுருக்கமாக நின்றுபோகிறது.

கேள்வி: அணு ஆயுதத்தைக் கைவிட்ட நாடுகளை மட்டும் எடுத்தது தவறா?

காரணங்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் கட்டத்தில் தவறில்லை. ஆனால் "பொருளாதாரத் தடையால்தான் கைவிட்டார்கள்" என்று நிறுவ அது போதாது. தென்னாப்பிரிக்கா மீது தடை இருந்தது. செய்து முடித்த ஆறு குண்டுகளையும் பிரித்துப்போட்டு, 1993இல் உலகுக்கு அறிவித்தது. தடைகள் இருந்தும் வட கொரியா 2006 முதல் 2017 வரை குண்டுகளை வெடித்துச் சோதித்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தடையின் உண்மையான பங்கு தெரியும். தென்னாப்பிரிக்காவிலேயே அங்கோலாவிலிருந்து கியூபப் படைகள் விலகியது, நிறவெறி ஆட்சி முடிவை நெருங்கியது என்று வேறு காரணங்களும் வரிசையில் நிற்கின்றன. அப்புறம், உக்ரைனையும் இதே பட்டியலில் சேர்க்கும் முன் யோசியுங்கள். அங்கே இருந்தவை சோவியத் காலத்துக் குண்டுகள். ஏவும் கட்டுப்பாடு மாஸ்கோவின் கையில் இருந்தது. தானே செய்ததைப் பிரித்துப்போடுவதும், வந்து சேர்ந்ததை ஒப்படைப்பதும் ஒரே கேஸா?

கேள்வி: புராசஸ் டிரேசிங் (காரணம் விளைவாக மாறிய வழியைத் தடம் பிடிப்பது) என்றால் நடந்ததைத் தேதிவாரியாக எழுதுவதுதானே?

இல்லை. ஒரு விளக்கம் உண்மையானால் எந்தத் தடயம் கிடைக்க வேண்டும் என்று முதலில் எழுதிவைத்துவிட்டு, அதைத் தேடிப் போவது. சில தடயங்கள் இல்லாவிட்டால் விளக்கமே விழுந்துவிடும். சில கிடைத்துவிட்டால் வேறு விளக்கத்துக்கு இடமே இருக்காது. பெரும்பாலானவை இரண்டுக்கும் நடுவில் கிடக்கும்.

1898இல் சூடானின் ஃபஷோடாவில் பிரிட்டனும் பிரான்ஸும் போரின் விளிம்புவரை போய்த் திரும்பின. "ஜனநாயக நாடுகள் தங்களுக்குள் போரிடாது" என்பதற்கு இது சான்றா? அப்படியானால் 'அவர்களும் நம்மைப் போன்றவர்கள்' என்ற எண்ணம் அமைச்சர்களின் கடிதங்களில் எங்காவது தென்பட வேண்டும். பிரிட்டிஷ் கடற்படையின் பலம் மட்டுமே திரும்பத் திரும்பப் பேசப்பட்டால், முடிவு கோட்பாட்டோடு ஒத்துப்போனாலும் காரணம் ஒத்துப்போகவில்லை.

கேள்வி: தலைவர்களின் நினைவுக்குறிப்புகளை நம்பலாமா?

படியுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். 1962 அக்டோபர் 27 இரவு, துருக்கியில் இருக்கும் அமெரிக்காவின் ஜூபிடர் ஏவுகணைகள் சில மாதங்களில் அகற்றப்படும் என்று அமெரிக்க அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் தோப்ரினினிடம் தெரிவித்தார். இது வெளியே தெரியக் கூடாது என்றும் சொன்னார். அவர் மறைவுக்குப் பின் 1969இல் வந்த நினைவுக்குறிப்பில் இது, கியூபா ஏவுகணைகளுக்குப் பதிலாகத் துருக்கி ஏவுகணைகள் என்ற பேரமாகவே தெரியாது. அந்த இடத்தைத் தானே திருத்தியதாக, நூலைப் பதிப்பித்த, அதிபர் கென்னடியின் ஆலோசகராக இருந்த சோரன்சன் 1989இல் மாஸ்கோ மாநாட்டில் ஒப்புக்கொண்டார். இடைப்பட்ட ஆண்டுகளில் "உறுதியாக நின்றதால் எதிரி பணிந்தான்" என்று இந்த நெருக்கடியிலிருந்து பாடம் எடுத்தவர்கள் பலர்! எழுதியவர் யார், எப்போது, எதை மறைக்க அவருக்குத் தேவை இருந்தது என்று ஒவ்வொரு சான்றுக்கும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

கேள்வி: எத்தனை கேஸ் போதும்?

மூலச் சான்றுகளை நீங்களே படிக்க முடிகிற அளவுக்கு. இரண்டு என்றாலும் சரிதான். 1979இல் அரசியல் அறிஞர் அலெக்சாண்டர் ஜார்ஜ் வகுத்துக் கொடுத்தபடி, ஒரே கேள்விப் பட்டியலை ஒவ்வொரு கேஸிடமும் கேளுங்கள். ஒரு கேஸில் பதில் கிடைக்காத கேள்வியையும் வெட்டிவிடாமல் அப்படியே விட்டுவையுங்கள்.