92 நாள் தாமதம் யாருடைய கணக்கில்?

திருவொற்றியூரில் 8 மாதத்தில் குடோன் கட்டித்தர ஒப்பந்தம் போட்ட காண்ட்ராக்டர் நீங்கள். 92 நாள் தாமதம் என்று நாளுக்கு 5,000 ரூபாய் வீதம் 4.6 லட்சத்தை ஃபைனல் பில்லில் ஓனர் பிடித்துக்கொண்டார், இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படி மொத்தமாகப் பிடிக்க முடியாது. அதே சமயம் 92 நாளையும் அவர் தலையில் கட்டவும் முடியாது, நாட்களைப் பிரிக்க வேண்டும். ஷட்டர் பக்கத்தை மாற்றச் சொல்லிவிட்டு புது ட்ராயிங்கை அவர் 31 நாள் கழித்துக் கொடுத்தார், அது அவர் கணக்கு. கம்பி கட்டுகிறவர்கள் ஊருக்குப் போய் வராதது உங்கள் கணக்கு. ஐப்பசி மழை வருஷா வருஷம் வருவதுதானே, தெரிந்துதானே தேதி கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் போல வந்திருந்தால் பேச்சு வேறு.

1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74வது பிரிவுப்படி ஒப்பந்தத்தில் போட்ட அந்த நாளுக்கு 5,000 உச்சவரம்புதான், நியாயமான இழப்பீடு அதற்குள் எவ்வளவோ அவ்வளவே. நஷ்டமே இல்லாமல் பிடிக்க முடியாது என்று 2015ல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்புறம் 55வது பிரிவு: காலக்கெடு முக்கியம் என்று போட்ட ஒப்பந்தத்தில், கெடு தாண்டி முடித்த வேலையை "இழப்பீடு கேட்பேன்" என்று அப்போதே தெரிவிக்காமல் ஏற்றுக்கொண்டால், பிறகு கேட்க முடியாது. அவர் அனுப்பிய வாட்ஸ்அப் எல்லாம் "சீக்கிரம் முடிங்க" என்பதோடு நிற்கிறதா, பாருங்கள்.

நீங்கள் கேட்காமல் விட்டது ஒன்று உண்டு. வேலை நிற்காத நாளிலும் உங்களுக்கு நஷ்டம்தான். 9 பேர் வந்து 4 பேருக்குத்தான் வேலை இருந்தது, சென்ட்ரிங் ஷீட்டும் ஜாக்கியும் வாடகையில் சும்மா கிடந்தன. அதை, ஒப்பந்தத்தை மீறியவரிடம் இழப்பீடு கேட்கும் 73வது பிரிவில் கேட்கலாம், ஆனால் நாள்வாரியாகக் காட்ட வேண்டும். நீங்கள் அனுப்பிய போட்டோவில் சிமெண்ட் கறை படிந்த நோட்டில் "ட்ராயிங் வரல, மேசன் 2 பேர் திரும்பிட்டாங்க" என்று தேதியோடு எழுதியிருக்கிறதே, அதுதான் உங்கள் பலம். தயவுசெய்து அதைப் புது நோட்டில் அழகாக எழுதி வைக்காதீர்கள், அந்தப் பழைய நோட்டே வேண்டும். வாட்ஸ்அப் செய்திகள் இருக்கும் போனையும் மாற்றாதீர்கள்.

ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து, அதாவது தகராறை நீதிமன்றத்துக்குப் பதில் நடுவர் தீர்ப்பார் என்ற ஷரத்து, இருந்தால் அந்த வழிதான். இல்லாவிட்டால் 3 லட்சத்துக்கு மேல் என்பதால் வணிக நீதிமன்றம், அவசரத் தடை கேட்காத பட்சத்தில் அதற்கு முன் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரசம் கட்டாயம். வேலை முடிந்து 3 வருஷத்துக்குள் போய்விடுங்கள். அதுவரை "கணக்கு முழுதும் தீர்ந்தது" என்று எந்த வவுச்சரிலும் கையெழுத்துப் போடாதீர்கள், மீதிப் பணத்தை உடனே தருகிறேன் என்று சொன்னாலும்.