பாய்மரப் படகும் பரணில் இருக்கும் புத்தகக் கட்டும்: வாசகர் கேள்வி பதில்

(கணவருடன் சின்னப் பாய்மரப் படகில் கொச்சியிலிருந்து கோவா வரை போய்வந்து, அந்த அனுபவத்தை இருவருமாக எழுதிச் சொந்தச் செலவில் புத்தகமாக்கியிருக்கும் குளச்சல் வாசகி ஒருவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

அக்கா, நானும் என் பயண அனுபவத்தைச் சொந்தமாக அச்சடித்தேன். சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தது போக மீதி எல்லாம் பரணில் இருக்கிறது. நீங்கள் எப்படி விற்கிறீர்கள்?
– வாசகர், களியக்காவிளை

தம்பி, முதல் வேலையாக அந்தக் கட்டுகளைப் பரணிலிருந்து இறக்குங்கள். நம்ம ஊர் மழை ஈரம் காகிதத்தைச் சும்மா விடாது. அப்புறம், சென்னையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். ஜனவரிப் புத்தகக் காட்சியில், பெயர் தெரியாத ஒருவரின் ஒரே புத்தகம் கண்ணிலேயே படாது. அதுவே நம் மீனவர் ஊர்களான தூத்தூரிலோ சின்னத்துறையிலோ ஒரு நூலகத்தில் பத்துப் பேர் கூடினால் போதும், அந்தப் பத்துப் பேருக்கும் கடல் தெரியும், அவர்கள் கேட்பதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னாலே புத்தகம் கைமாறிவிடும்.

நாங்கள் எங்கே போனாலும் "வாங்குங்கள்" என்று கேட்பதில்லை. ஒரே ஒரு பக்கத்தை வாசிப்போம். மங்களூருக்குத் தெற்கே ஒரு ராத்திரி, அவர் உள்ளே தூங்குகிறார், நான் காவல். பாயில் காற்று நிறைந்திருக்கிறது, படகு மட்டும் நகரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் சுக்கானைச் சுற்றி வலை, மிதவையில் ஒரு விளக்குகூடக் கிடையாது. தூரத்தில் இருந்த போட் திரும்பி எங்களை நோக்கி வருகிறது, என்ன பாஷையில் திட்டு விழப்போகிறதோ என்று நான் நிற்கும்போது, "வலைய அறுத்துராதீங்க, பாய இறக்குங்க, நாங்க எடுத்துத் தாறோம்" என்று தூத்தூர்ப் பக்கத்துத் தமிழ்! ஒரு பையன் தண்ணீரில் குதித்து, ஒரு கண்ணிகூட அறுபடாமல் கையாலேயே கழற்றிவிட்டு, எங்களிடம் கட்டன்சாயா வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். இதை வாசித்து முடிப்பதற்குள் "அது யாரு போட்டு?" என்று முன்வரிசையிலிருந்து கேள்வி வந்துவிடும். உங்கள் புத்தகத்திலும் அப்படி ஒரு பக்கம் கட்டாயம் இருக்கும், அதைக் கண்டுபிடியுங்கள்.

நேரமும் முக்கியம். நம் மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஆட்கள் ஊரில் இருப்பார்கள். அதே சமயத்தில்தான் கேரளத்தில் நூலக இயக்கத்தை வளர்த்த பி.என்.பணிக்கர் நினைவு நாளான ஜூன் 19 வாசிப்பு தினமாக வருகிறது, அந்த வாரம் முழுக்க நூலகங்களில் ஏதாவது கூட்டம் நடக்கும். கன்னியாகுமரி 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர்தானே, எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்த நூலகப் பழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மழைக்குப் பயந்து கூட்டத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

தமிழ்ப் புத்தகத்தைத் திருவனந்தபுரத்தில் யார் வாங்குவார்கள்? கடைக்காரர்கள் கேட்கும் கழிவு கட்டுப்படியாகிறதா?
– வாசகர், நெய்யாற்றின்கரை

வாங்குகிறார்கள். அங்கே தமிழ்ச் சங்கம் இருக்கிறது, சாலை பஜார்ப் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் பலருக்கு வாசிக்க மலையாளம்தான் வரும். அதனால் ஒரு அத்தியாயத்தை மட்டும் மலையாளத்தில் மாற்றித் தனியாக அச்சடித்து வைத்திருக்கிறோம், பிள்ளை அதை வாசித்தால் அப்பா தமிழ்ப் புத்தகத்தை வாங்குகிறார். கழிவைப் பற்றிக் கேட்டால், மூன்றில் ஒரு பங்குக்கு மேலேயே கேட்பார்கள், கடை வாடகை இருக்கிறதே, நான் குறை சொல்ல மாட்டேன். விலை வைக்கும்போதே அதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்.னுக்குக் காசு கொடுக்காதீர்கள், ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை எழுத்தாளருக்கே நேரடியாக, இலவசமாகத் தருகிறது. 1954 சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உட்பட நான்கு நூலகங்களுக்குப் புத்தகம் வெளியான 30 நாளுக்குள் ஒவ்வொரு பிரதி அனுப்பியாக வேண்டும். பலர் இதைச் செய்வதில்லை. செய்யுங்கள், நாளைக்கு யாராவது தேடும்போது அங்கே உங்கள் புத்தகம் இருக்கும்.

புருஷனும் பெண்டாட்டியும் அந்தச் சின்னப் படகில் இத்தனை தூரம்... பயம் இல்லையா? சண்டை வராதா?
– வாசகி, நித்திரவிளை

சண்டை வரும், ஆனால் நீளாது, ஏனென்றால் மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் தூங்கப் போயாக வேண்டும். கொச்சியிலிருந்து கோவா சுமார் 350 கடல் மைல். ஜனவரி, பிப்ரவரியில் பின்னிரவிலிருந்து காலை வரை கரைக்காற்று கிழக்கிலிருந்து வரும், அதில் வடக்கே நன்றாக ஓடலாம். மத்தியானம் கடல்காற்று வடமேற்கிலிருந்து மூஞ்சிக்கு நேரே அடிக்கும், அப்போது வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். எனக்குக் காற்றைவிடப் பயம் தூக்கக் கலக்கத்தில்தான். பெண்ணால் முடியுமா என்று மனதில் கேள்வி இருந்தால், கடற்படை அதிகாரிகளான புதுச்சேரியின் ரூபாவும் கோழிக்கோட்டின் தில்னாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் கிளம்பி, இரண்டே பேராக உலகத்தைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பி வந்தார்களே, அவர்களைப் பற்றி உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். என் கூட்டங்களில் அவர்கள் பெயரைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை.

தபாலில் அனுப்பினால் புத்தக விலைக்கு மேல் செலவாகிறதே?
– வாசகர், கொல்லங்கோடு

2025 மே மாதத்திலிருந்து தபால் துறையில் 'ஞான் போஸ்ட்' இருக்கிறது. அறிமுகக் கட்டணம் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போவதால் கொஞ்சம் மெதுவாகத்தான் சேரும். புத்தகத்தில் அச்சகத்தின் பெயரோ பதிப்பாளர் பெயரோ அச்சாகியிருக்க வேண்டும், விளம்பரம் இருக்கக் கூடாது.