வீட்டில் தமிழ், மதிப்பீடு ஆங்கிலத்திலா? இ.சி.ஐ. குழு வருவதற்கு முன்

கேள்வி: டெக்சாஸில், டாலஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறோம். மகளுக்கு 22 மாதம். ஏழெட்டு சொற்கள்தான் பேசுகிறாள், ஆனால் நாங்கள் சொல்வது புரிகிற மாதிரி இருக்கிறது. வீட்டில் முழுக்கத் தமிழ், சில மாதங்களாக டேகேரில் ஆங்கிலம். குழந்தை மருத்துவர் இ.சி.ஐ. (வளர்ச்சியில் தாமதம் உள்ள சிறு குழந்தைகளுக்கு டெக்சாஸ் அரசு நடத்தும் உதவித் திட்டம்) மதிப்பீட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். "அவ அப்பாவே மூணு வயசுலதான் பேசினான், எதுக்கு இதெல்லாம்" என்கிறார் மாமியார். ஆங்கிலத்தில் கேட்டால் இவள் எதற்கும் பதில் சொல்ல மாட்டாள். இது பின்னால் ஸ்கூல் ரெக்கார்டில் ஏறுமா? வீட்டில் தமிழை நிறுத்திவிட வேண்டுமா?

பதில்:

மதிப்பீட்டுக்குச் சம்மதம் சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டாம். தமிழை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் உங்கள் மகளைத் தமிழ் பேசும் குழந்தையாகவே மதிப்பிட வேண்டும் என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். நான் ஸ்பீச் தெரபிஸ்ட். இந்த மாதிரி மதிப்பீட்டுக் குழுக்களில் உட்கார்ந்து பார்த்தவரை, நம் குழந்தைகள் விஷயத்தில் பிசகு நடப்பது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான்.

முதலில் மாமியார் சொன்னது. தாமதமாகப் பேச ஆரம்பித்து, அப்புறம் எல்லாரையும் எட்டிப்பிடித்துவிடும் குழந்தைகள் நிறைய உண்டு, அவர் மகனும் அப்படித்தான் இருந்திருப்பார். சிக்கல் என்னவென்றால், இரண்டு வயதுக் குழந்தையைப் பார்த்து 'இது தானாக எட்டிப்பிடிக்கும், அதற்கு உதவி வேண்டும்' என்று யாராலும் உறுதியாகப் பிரிக்க முடியாது. இன்னொன்று, குடும்பத்தில் ஒருவர் தாமதமாகப் பேசியிருந்தால் அதை நாங்கள் ஆறுதலாக எடுத்துக்கொள்வதில்லை, கவனமாகப் பார்க்க ஒரு காரணமாகக் குறித்துக்கொள்வோம். அவர் தந்திருப்பது நல்ல தகவல், அதை அப்படியே மதிப்பீட்டுக் குழுவிடமும் சொல்லுங்கள்.

டேகேர் ஆங்கிலம் குழப்பிவிட்டது என்ற பேச்சும் வீட்டில் வந்திருக்கும். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வராது. புது மொழி உள்ள இடத்தில் ஒரு குழந்தை சில மாதம் வாயே திறக்காமல் இருக்கலாம், அது சகஜம். ஆனால் உங்கள் மகள் பிறந்ததிலிருந்து கேட்கும் தமிழிலேயே, உங்கள் மடியில் உட்கார்ந்திருக்கும்போதே ஏழெட்டு சொல்தான் என்றால் அதற்கு டேகேர் பதில் இல்லை. அதனால்தான் மருத்துவர் எழுதிக் கொடுத்தது சரி என்கிறேன்.

இ.சி.ஐ. திட்டம் மருத்துவரின் தயவிலோ இன்சூரன்ஸின் தயவிலோ நடப்பதில்லை. 1986-ல் அமெரிக்க காங்கிரஸ் கொண்டுவந்த சட்டத்திருத்தத்தில் பிறந்தது, இன்று ஐ.டி.இ.ஏ. என்கிற மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டத்தின் 'பார்ட் சி'. பிறந்ததிலிருந்து மூன்றாவது பிறந்தநாள் வரை உள்ள குழந்தைகளுக்கானது. மருத்துவரின் கடிதம்கூடத் தேவையில்லை, பெற்றோரே போன் செய்து கேட்கலாம். குழந்தையின் பெயர் அவர்களிடம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் மதிப்பீடும், தகுதி இருந்தால் ஐ.எஃப்.எஸ்.பி. என்கிற குடும்பத் திட்டத்துக்கான முதல் கூட்டமும் முடிந்திருக்க வேண்டும். மதிப்பீட்டுக்குக் கட்டணம் கிடையாது. தகுதி கிடைத்த பிறகு வரும் தெரபிக்கு டெக்சாஸில் வருமானத்தைப் பொறுத்துக் குடும்பப் பங்கு இருக்கலாம், அதைக் கையெழுத்துப் போடும் முன்பே விளக்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம்மில் பலர் மனதில் இருப்பதால் சொல்கிறேன்: விசா நிலையோ சம்பளமோ இதன் தகுதிக்கு நிபந்தனை இல்லை.

சரி, அன்றைக்கு என்ன நடக்கும்? குறைந்தது இரண்டு துறைகளைச் சேர்ந்தவர்கள் வருவார்கள், பெரும்பாலும் உங்கள் வீட்டுக்கே. ஐந்து பகுதிகளைப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம்: அறிவு வளர்ச்சி, உடல் அசைவு, பேச்சும் தொடர்பும், மற்றவர்களோடு பழகுவதும் உணர்ச்சிகளும், சாப்பிடுவது உடுத்துவது போன்ற சுயவேலைகள். பார்வையும் கேட்புத்திறனும் இதோடு சேரும். மருத்துவர் பேச்சுக்காகத்தான் அனுப்பினார் என்றாலும் ஐந்தையும் பார்ப்பார்கள், 'நடையெல்லாம் எதுக்குப் பார்க்கறாங்க' என்று பதற வேண்டாம். சில விஷயங்களைக் குழந்தையிடம் செய்யச் சொல்வார்கள், சிலவற்றை விளையாடும்போது கவனிப்பார்கள், மீதியை உங்களிடம் கேட்பார்கள். கேள்விகள் போகப்போகக் கடினமாகும், அவள் வரிசையாகச் சிலவற்றில் தவறும் வரைக்கும் கொண்டுபோவார்கள். அது சோதனையின் விதி. எல்லாக் குழந்தையும் கடைசியில் தவறத்தான் செய்யும், நீங்கள் பக்கத்திலிருந்து 'சொல்லும்மா, உனக்குத் தெரியுமே' என்று அவசரப்படுத்தினால் மதிப்பெண்தான் குழம்பும்.

இப்போது மொழிக்கு வருகிறேன். தெளிவாகவே முடியாத நிலை இருந்தாலொழிய, மதிப்பீட்டைக் குழந்தையின் தாய்மொழியில் செய்ய வேண்டும் என்று பார்ட் சி விதியிலேயே இருக்கிறது. மதிப்பிடும் நிபுணர்கள் குழந்தையின் வளர்ச்சிக்கு அதுவே ஏற்றது என்று முடிவெடுக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் உண்டு. உங்கள் மகளுக்கு அது ஏற்றது என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மதிப்பீட்டைப் பொறுத்தவரை தாய்மொழி என்றால் குழந்தை வழக்கமாகப் பயன்படுத்தும் மொழி. தமிழ் தெரிந்த தெரபிஸ்ட் கிடைப்பது அரிது, ஆனால் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், அதற்கும் உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. 'நீங்கள்தான் நன்றாக இங்கிலீஷ் பேசுகிறீர்களே' என்று உங்களையே மொழிபெயர்க்கச் சொல்வார்கள். மரியாதையாக மறுத்துவிடுங்கள். ஒரே நேரத்தில் தாயாகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருப்பது நடக்காத காரியம். குழந்தை 'ணி' என்றதும் நம் மனம் அதைத் 'தண்ணி' என்று திருத்தித்தான் சொல்லும், அவள் உண்மையில் என்ன சத்தம் எழுப்பினாள் என்பது குழுவுக்குப் போய்ச் சேராது.

மொழிபெயர்ப்பாளர் வந்துவிட்டாலும் வேலை முடிந்துவிடாது. குழு கையில் வைத்திருக்கும் சோதனைக் கருவிகள், பேட்டெல் ஆகட்டும் பெய்லி ஆகட்டும், அமெரிக்கக் குழந்தைகளை வைத்து அளந்து உருவாக்கியவை. அதில் வரும் சில மொழிக் கேள்விகளைத் தமிழில் அப்படியே கேட்க முடியாது. 'ஐ', 'மீ' போன்ற சொற்களைக் குழந்தை பயன்படுத்துகிறாளா என்று ஒன்று வரும். தமிழ்க் குழந்தை 'சாப்ட்டேன்' என்று சொன்னாலே 'நான்' அந்த வினைக்குள் இருக்கிறது, தனியாக 'நான்' சொல்லத் தேவையே இல்லை. இரண்டரை வயதுக்கு மேல் பன்மை பற்றிக் கேட்பார்கள். நாம் 'ரெண்டு நாய்' என்றுதான் சொல்கிறோம், பெரியவர்களே 'நாய்கள்' என்று வீட்டில் பேசுவதில்லை. 'ஆன்', 'அண்டர்' மாதிரிச் சொற்களைத் தேடுவார்கள், நமக்கோ அது 'மேசைல', 'பெட்டிக்குள்ள' என்று சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும். இன்றைக்கு உங்கள் மகள் இந்தக் கட்டத்துக்கு வரவில்லை, ஆனால் பின்னால் மறுமதிப்பீடு வரும்போது இதெல்லாம் கணக்கில் வரும். இந்த இடங்களில் மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், தமிழில் இது இப்படி இருக்கும் என்று அறிக்கையில் எழுதுங்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. எந்த ஒரு சோதனையையும் ஒரே அடிப்படையாக வைத்துத் தகுதியை முடிவு செய்யக் கூடாது என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

சுயவேலைப் பகுதியிலும் கவனம் வேண்டும். ஸ்பூனால் தானே சாப்பிடுகிறாளா என்பார்கள். நம் வீடுகளில் இரண்டு வயதில் யார் ஸ்பூனைக் கொடுக்கிறோம், அம்மாவோ பாட்டியோ பிசைந்து ஊட்டிவிடுகிறோம். 'இல்லை' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது அவளுடைய குறையாகப் பதிவாகும். 'இதுவரை கொடுத்ததில்லை, ஆனால் தட்டில் வைத்த இட்லியைத் தானே பிய்த்து வாயில் போட்டுக்கொள்வாள்' என்று முழுசாகச் சொல்லுங்கள்.

இதன் மறுபக்கமும் இருக்கிறது, அதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வந்தவர்கள் முன் பிள்ளையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பல பெற்றோர், பாட்டி தாத்தாக்கள், எல்லாவற்றுக்கும் 'செய்வாளே' என்று பதில் சொல்கிறார்கள். எப்போதோ ஒருமுறை செய்தது, பெரியவர் கை பிடித்துச் செய்தது எல்லாம் 'செய்வாள்' கணக்கில் போய்விடுகிறது. விளைவு, உதவி தேவைப்பட்ட குழந்தைக்குத் தகுதி இல்லை என்று முடிவாகிறது. தினமும், யாரும் சொல்லித்தராமல், தானாகச் செய்வதை மட்டும் 'ஆம்' என்று சொல்லுங்கள். மாமியார் கூட இருக்கட்டும், நாள் முழுக்க அவளைப் பார்த்துக்கொள்கிறவர் சொல்வது மிக முக்கியம், ஆனால் முந்தின நாளே அவரிடம் இதைப் பேசிவிடுங்கள்.

உங்கள் கடிதத்தில் 'புரிகிற மாதிரி இருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். டெக்சாஸில் அந்த ஒரு வரிதான் தகுதியையே தீர்மானிக்கக்கூடும். இங்கே ஏதாவது ஒரு பகுதியில் 25 சதவீதத் தாமதம் இருந்தால் தகுதி உண்டு. ஆனால் வாயால் பேசுவதில் மட்டும்தான் தாமதம், மற்றதெல்லாம் சரி என்றால் 33 சதவீதம் வேண்டும். 22 மாதக் குழந்தைக்கு 25 சதவீதம் என்றால் பதினாறரை மாத அளவில் இருக்கிறாள் என்று அர்த்தம், 33 என்றால் ஏறத்தாழ பதினைந்து மாதத்துக்கும் கீழே. அதனால் அவளுக்கு நிஜமாகவே எவ்வளவு புரிகிறது என்று இந்த வாரம் பாருங்கள். கையைக் காட்டாமல், செருப்பைப் பார்க்காமல், வேறு ஏதோ செய்துகொண்டிருக்கும்போது 'செருப்பு எடுத்துட்டு வா' என்று சொல்லிப் பாருங்கள். வெளியே கிளம்பும் நேரத்தில் சொன்னால் நம் புடவையையும் சாவியையும் பார்த்தே புரிந்துகொள்வாள், அது சொல் புரிந்ததாகாது. (இந்த அளவுகோல் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். இல்லினாயில் 30 சதவீதம், கலிஃபோர்னியாவில் 2022-லிருந்து 33-ஐ 25-ஆகக் குறைத்துவிட்டார்கள். வேறு மாநில நண்பர் குழந்தைக்குக் கிடைத்ததா இல்லையா என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.)

சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். 'பால்', 'மில்க்' இரண்டும் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். நாயைப் பார்த்தால் எப்போதும் 'வவ்வவ்' என்றால் அதுவும் சொல்தான். அரைகுறை உச்சரிப்பு பரவாயில்லை, ஒரே பொருளுக்கு ஒரே சத்தம் வந்தால் போதும். எழுதி முடித்ததும் ஏழு என்று நினைத்தது பதினைந்தாக இருக்கலாம், அல்லது நான்காகவும் இருக்கலாம். டேகேர் ஆசிரியரிடமும் ஒரு பட்டியல் கேளுங்கள். வேண்டியதை விரலால் சுட்டிக்காட்டுகிறாளா, பிடித்ததை உங்களிடம் கொண்டுவந்து காட்டுகிறாளா, பெயர் சொன்னால் திரும்புகிறாளா என்பதையும் குறித்துவையுங்கள். இவை எங்களுக்குச் சொற்களின் எண்ணிக்கை அளவுக்கு முக்கியம். மருத்துவர் 18 மாதத்தில் எம்-சாட் என்கிற, ஆட்டிசம் அறிகுறிகளைத் தேடும் 20 கேள்வித் தாளைக் கொடுத்திருந்தால் அதன் முடிவையும் கேட்டு வாங்குங்கள். அப்புறம் கேட்புப் பரிசோதனை. பிறந்தபோது ஆஸ்பத்திரியில் பாஸ் ஆனது போதாது, அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைக்குக் காதுக்குள் நீர் கோத்து இடையில் கேட்புத்திறன் குறையலாம். ஆடியாலஜிஸ்டிடம் நாள் வாங்கி வையுங்கள்.

ஸ்கூல் ரெக்கார்ட் பற்றி. இ.சி.ஐ. கோப்பு பள்ளியின் கோப்பு இல்லை. மதிப்பீட்டு அறிக்கை உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பள்ளிக்குப் போகாது. சேவையில் இருக்கும் குழந்தைக்கு மூன்று வயது நெருங்கும்போது பெயர், பிறந்த தேதி, தொடர்பு விவரம் மட்டும் பள்ளி மாவட்டத்துக்குத் தெரிவிப்பார்கள், அதையும் வேண்டாம் என்று டெக்சாஸில் எழுதிக் கொடுக்கலாம். மதிப்பீட்டுக்குச் சம்மதித்தால் சேவைக்கும் சம்மதித்ததாக ஆகாது, இரண்டுக்கும் தனித்தனிக் கையெழுத்து.

தகுதி இல்லை என்று சொன்னால்? காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அறிக்கையின் பிரதியை இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் படியுங்கள். எந்த மொழியில் சோதித்தார்கள், மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா என்று முதலில் பாருங்கள். தாமதச் சதவீதம் எட்டவில்லை என்றாலும், குழுவின் தொழில்முறைக் கணிப்பை மட்டும் வைத்தே தகுதி கொடுக்க விதியில் இடமுண்டு, அதைப் பரிசீலித்தீர்களா என்று கேளுங்கள். கருவி தகுதி உண்டு என்று காட்டியதை அதே கணிப்பை வைத்து மறுக்க அனுமதி கிடையாது. முடிவை ஏற்க முடியாவிட்டால் சமரசப் பேச்சு, முறையீடு, விசாரணை என்று வழிகள் உண்டு. அதுவரைக்கும் போகாமல், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பெயர் கொடுத்தாலும் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் மூன்றாவது பிறந்தநாளுக்கு 45 நாளுக்கும் குறைவாக இருக்கும்போது பெயர் வந்தால் இ.சி.ஐ. மதிப்பீடு செய்யக் கடமைப்பட்டதில்லை, பள்ளி மாவட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். உங்களுக்கு அதுவரை ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது.

போன் செய்யும்போது இப்படிச் சொன்னால் போதும்: வீட்டு மொழி தமிழ், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், பாட்டியும் உடன் இருப்பார், காலையில் அவள் தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு வாருங்கள். அழைத்த தேதியையும், எடுத்தவர் பெயரையும் எழுதி வையுங்கள், அந்த 45 நாளை எண்ண அது வேண்டியிருக்கும்.