கட்டத்தை நிரப்பியவர் யார்?

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரையில் ஒரு பத்தியில் ‘மலையகத் தமிழர்’, அடுத்ததில் ‘இந்தியத் தமிழர்’. எது சரி? கிளிநொச்சியிலும் கொழும்பிலும் வாழ்பவர்களை மலையகத்தார் என்பது பிழையல்லவா?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டும் ஒரே மக்களின் பெயர்தான்: வெள்ளைக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து இலங்கை மலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். இவற்றில் இரண்டாவது, இலங்கைக் குடிசன மதிப்பீட்டு அட்டவணையின் தலைப்பு. மேற்கோள்குறி விடுபட்டுவிட்டது, என் தவறு. கிளிநொச்சிக் கேள்வியை விடுங்கள். மதுரைக்காரர் சென்னையில் முப்பது வருடம் இருந்தாலும் மதுரைக்காரர்தானே? பெயர் என்ன, நிலவரைபடமா?

‘எது சரி’ என்று ஏதோ எழுத்துப்பிழை திருத்துவதுபோலக் கேட்கிறீர்களே, அதுதான் எரிச்சல். பேனா யார் கையில் இருந்தது என்று முதலில் பாருங்கள். 1911 கணக்கெடுப்பு தமிழரை ‘இலங்கை’, ‘இந்திய’ என்று இரண்டு நிரல்களாகப் பிரித்தது. 1948 குடியுரிமைச் சட்டம் அந்தப் பிரிவுக்குப் பல் முளைக்க வைத்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பன் அங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த பூட்டனுக்குப் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தம் ஆட்களைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாக வெட்டிக்கொண்டார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி அட்டவணைக்கு வாருங்கள். 1971இல் ‘இந்தியத் தமிழர்’ 11,74,606. 1981இல் 8,18,656. ஒரு பகுதியினர் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள். இன்னொரு பகுதியினர் எங்கும் போகவில்லை. அதே லயத்தில் இருந்துகொண்டே ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிந்துகொண்டார்கள். ‘இந்திய’ என்ற சொல்லே ஒருநாள் கப்பலேற்றிவிடும் என்ற பயம் இருக்கும்போது வேறென்ன செய்வார்கள்? ஆனால் தொகை குறைந்தால் பிரதிநிதித்துவம் கேட்கும் குரலும் குறையும். பெயரை ஏற்றாலும் நட்டம், மறுத்தாலும் நட்டம். மலையகம் என்ற சொல்லை அவர்கள் தாங்களே எடுத்துக்கொண்டது இந்த இடுக்கிலிருந்துதான். 2024 கணக்கெடுப்பில் அதுவும் நிரலுக்குள் வந்திருக்கிறது, பழைய பெயருக்குப் பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டு.

‘தோட்டக்காட்டான்’, ‘கள்ளத்தோணி’ என்று அவர்களுக்கு வைத்த வசைப்பெயர்கள் பற்றியெல்லாம் நீங்கள் கேட்கவில்லை. நல்லது.

நீங்கள் கோவைக்காரர். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறிக் கோத்தகிரி போங்கள். ‘இந்தியர்’ என்று இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டவர்களுக்காக 1968இல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அந்தக் குடும்பங்களுக்கு ஊரில் என்ன பெயர் தெரியுமா? ‘சிலோன்காரங்க’. எது சரி என்று அவர்களிடம் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.