பாட்டு ‘டப் டப்’ என்று வெட்டுகிறதா? லேப்டாப்பை மாற்றும் முன் பஃபரைப் பாருங்கள்

ஈசூனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “மகள் பாடுவதை வீட்டிலேயே விண்டோஸ் லேப்டாப்பில் பதிவு செய்கிறோம். தம்பூரா, மிருதங்கம் தனித்தனி டிராக்காக ஏற்கெனவே இருக்கின்றன. முதல் பத்து நிமிடம் நன்றாகப் போகிறது. அப்புறம் போட்டுக் கேட்டால் டப் டப் என்று வெட்டுகிறது, கரகரக்கிறது. புது லேப்டாப் வாங்க வேண்டுமா?”

வேண்டாம், இப்போதைக்குச் சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகள் பக்கமே போகாதீர்கள். முதலில், வெட்டு விழும் பகுதியை மூன்று நான்கு முறை திரும்பப் போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வெட்டினால் மகளின் குரல் பத்திரமாக இருக்கிறது, ஒலிக்கும்போதுதான் லேப்டாப் திணறுகிறது. அதே எழுத்தில் அதே இடத்தில் வெட்டினால் பதிவிலேயே விழுந்துவிட்டது, அந்த வரியை மறுபடி பாட வேண்டியதுதான். இதைப் பார்க்காமல் நல்ல பதிவை அழித்துவிடாதீர்கள்.

சரி, ஏன் திணறுகிறது? உங்கள் புளோக் மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பம்பு விட்டு விட்டு ஓடினாலும் தொட்டியில் இருப்பு இருப்பதால் குழாயில் தண்ணீர் நிற்காமல் வருகிறது. லேப்டாப்பும் ஒலியை அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரித்துச் சேர்த்து வைத்து அனுப்புகிறது, அந்தத் தொட்டிதான் பஃபர். அதன் அளவைச் சாம்பிள், அதாவது ஒலியின் மிகச் சிறிய துண்டு, கணக்கில் சொல்வார்கள். அது 64, 128 சாம்பிள் என்று சின்னதாக இருந்தால், ரிவெர்ப் (எதிரொலி) போன்ற பிளகின்கள், அதாவது ஒலியை மெருகேற்றும் துணை மென்பொருள்கள், கூடும்போது அடுத்த தொகுதி தயாராவதற்குள் தொட்டி காலியாகிவிடும், அந்த இடைவெளிதான் ‘டப்’. பதிவு மென்பொருளின் ஆடியோ செட்டிங்ஸில் அதை 1024 ஆக்கிக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இதிலேயே சத்தம் நின்றுவிடும்.

ஆனால் தொட்டி பெரிதானால் தாமதமும் கூடும். விநாடிக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் 128 என்றால் ஏறக்குறைய 3 மில்லி விநாடி, 1024 என்றால் 23, அதுவும் ஒரு வழிக்கு மட்டும். பாடும் குழந்தைக்குத் தன் குரல் ஹெட்ஃபோனில் பின்தங்கிக் கேட்டால் தாளம் தள்ளாடும். அதனால் பாடும்போது 128 அல்லது 256, கேட்கும்போதும் மிக்ஸ் செய்யும்போதும் 1024. இன்டர்ஃபேஸில் (மைக்கை லேப்டாப்புடன் இணைக்கும் பெட்டி) டைரக்ட் மானிட்டர் பொத்தான், அதாவது லேப்டாப்புக்குப் போகாமல் குரலை நேராக ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் பொத்தான், இருந்தால் அதைப் போட்டு, மென்பொருள் வழியாகக் குரல் கேட்பதை நிறுத்திவிடுங்கள், பாடும்போதும் பெரிய பஃபரையே வைத்துக்கொள்ளலாம். தம்பூராவையும் மிருதங்கத்தையும் ஒரே ஸ்டீரியோ டிராக்காக ஏற்றுமதி செய்துகொண்டால் சுமை இன்னும் குறையும்.

“முதல் பத்து நிமிடம்” என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. இரைச்சல் விழக்கூடாது என்று ஏர்கானையும் மின்விசிறியையும் நிறுத்தி, சன்னலையும் சாத்தியிருப்பீர்கள். நம்மூர் வெக்கையில் அந்த அறையில் லேப்டாப் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், உடனே ஒலி வெட்டும். பாடுவதற்கு அரை மணி நேரம் முன்பே அறையைக் குளிர வைத்துவிட்டு, பாடும்போது மட்டும் ஏர்கானை நிறுத்துங்கள். லேப்டாப்பை மெத்தை மேல் வைக்காதீர்கள். சார்ஜரில் போட்டு, பவர் அமைப்பை உச்ச செயல்திறனுக்கு மாற்றிவிடுங்கள்.

டிரைவர் என்பது ஒரு சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கும் சிறு மென்பொருள். விண்டோஸின் பொது டிரைவரை விட இன்டர்ஃபேஸ் தயாரித்தவர்கள் தரும், தாமதம் குறைந்த ஆசியோ (ASIO) டிரைவர்தான் வேண்டும், அதை அவர்கள் தளத்திலிருந்தே இறக்குங்கள். யூஎஸ்பி ஹப் வேண்டாம், நேராக லேப்டாப்பில் செருகுங்கள். மென்பொருள், இன்டர்ஃபேஸ் இரண்டிலும் சாம்பிள் வேகம் 44,100 அல்லது 48,000 என ஒரே எண்ணில் இருக்கட்டும். 44,100-இல் பதிந்த தம்பூரா மாற்றப்படாமல் 48,000-இல் ஓடினால் ஸ்ருதியே முக்கால் கட்டை அளவுக்கு ஏறிவிடும்.

இத்தனைக்கும் பிறகும் வெட்டினால் வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்துப் பாருங்கள், அவற்றின் டிரைவர்கள் சில சமயம் ஒலியை வழிமறிக்கும். லேட்டன்சிமான் (LatencyMon) என்ற இலவசக் கருவியைப் பத்து நிமிடம் ஓட விட்டால் எந்த டிரைவர் நேரத்தைத் தின்கிறது என்று பெயரோடு காட்டும், அந்த டிரைவரைப் புதுப்பியுங்கள்.